முல்லைத்தீவில் இருந்துகொண்டே கடலடி நில அதிர்வைப் படிப்பது எப்படி

ஒவ்வொரு டிசம்பர் 26க்கும், சுனாமி நினைவுநாளில், யாராவது ஒருவர் கேட்பார், முல்லைத்தீவுக் கடலுக்குள் ஒரு அதிர்வுமானியை இறக்கிவிட்டால் அடுத்த முறை முன்கூட்டியே தெரிந்துவிடாதா என்று. தெரியாது. கடலடியில் போடும் மானிகளில் அனேகமானவை தங்கள்பாட்டில் மாதக்கணக்காகக் கிடந்து பதியும். கப்பல் திரும்பிப் போய் ஒலிச் சைகை கொடுத்தால் நங்கூரப் பாரத்தைக் கழற்றிவிட்டு மேலே மிதந்து வரும், அப்புறம்தான் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கலாம். ஜப்பான் 2011 சுனாமிக்குப் பிறகு 150 மானிகளைக் கேபிளில் கோத்துப் போட்டது, அது உடனுக்குடன் கரைக்குச் சொல்லும், ஆனால் அதற்கு 5,000 கிலோமீற்றருக்கு மேல் கேபிள் போனது. ஆகவே எச்சரிக்கைக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம் சொல்வதைக் கேளுங்கள். இந்தக் குறிப்பு பதிவைத் திறந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, முக்கியமாய் ஏ.எல். பௌதிகம் படிக்கும் பிள்ளைகளுக்கு.

ஒரு பழைய லப்டொப் போதும். பைதன் (Python) என்ற நிரல்மொழியைப் போட்டு, ஒப்ஸ்பை (ObsPy) என்ற இலவச நிரல்தொகுப்பை இறக்குங்கள். ஒரு மணிநேரத் துண்டு மட்டும் கேட்டால் டேட்டா ஒரு எம்பிகூட முடியாது.

முதலில் கடலுக்குப் போகாதீர்கள், தரையில் பழகுங்கள். கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலையில் உள்ள நிலையத்தின் பதிவு யாருக்கும் திறந்திருக்கிறது. ஐஐ (II) என்ற வலையமைப்பு, பால்க் (PALK) என்ற நிலையம், பீஎச்இசட் (BHZ) என்ற செங்குத்துப் பதிவு. 2004 டிசம்பர் 26, உலக நேரம் 00:55 இலிருந்து ஒரு மணிநேரம் கேளுங்கள். சுமாத்திரா நடுக்கம் 00:58க்கு. இப்போதைய பழக்கத்தில் ஐந்தரை மணிநேரத்தைக் கூட்டினால் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் நேரத்தோடு ஒத்துவராது, ஏனென்றால் அன்றைக்கு இலங்கை மணிக்கூடு உலக நேரத்துக்கு ஆறு மணிநேரம் முன்னே இருந்தது, 2006 ஏப்பிரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அதாவது அன்று காலை 6:58. நடுக்கம் நடந்து நாலு நிமிடத்துக்குள் கோடு துள்ளுவதைப் பார்ப்பீர்கள். எங்கள் கரைக்குக் கடல் வந்தது அதற்கு ஏறக்குறைய இரண்டு மணிநேரம் கழித்து.

சரி, இனிக் கடலடி. எங்களுக்குத் தோதானது இந்து சமுத்திரத்திலேயே எடுத்த ரம்-ரம் (RHUM-RUM) திட்டப் பதிவு. பிரெஞ்சு, ஜேர்மன் ஆய்வாளர்கள் 2012 ஒக்டோபரில் ரீயூனியன் தீவைச் சுற்றி 57 மானிகளை இறக்கி அடுத்த வருடம் தூக்கினார்கள். வலையமைப்பின் பெயர் வைவி (YV), ரெசிஃப் (RESIF) என்ற பிரெஞ்சுத் தரவு நிலையத்தில் கேட்க வேண்டும். 2013 ஏப்பிரல் 16, உலக நேரம் 10:44க்கு ஈரான்–பாகிஸ்தான் எல்லையில் 7.7 அளவில் ஒரு நடுக்கம். ரீயூனியனுக்குக் கிட்ட உள்ள ஒரு மானியை எடுத்து 10:40 இலிருந்து ஒரு மணிநேரம் பாருங்கள்.

திறந்தவுடன் வெறும் இரைச்சல்தான் தெரியும், பயப்படாதீர்கள். கடல் அலைகளே நிலத்தை ஐந்து பத்துச் செக்கனுக்கு ஒருமுறை ஆட்டிக்கொண்டிருக்கும்; மாரிக்குக் கரையோர வாடியில் படுத்தவருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த ஐந்து பத்துச் செக்கன் அதிர்வை வடிகட்டித் தள்ளுங்கள். ஒரு செக்கன் அளவு அதிர்வை மட்டும் விட்டால் முதலலை (P) நடுக்கம் நடந்து ஒன்பது நிமிடமளவில் வரும், பதினாறில் இரண்டாமலை (S). பிறகு 20 செக்கனிலிருந்து 50 செக்கன் வரை மட்டும் விட்டுப் பாருங்கள், இருபதைத் தாண்டியபின் மேற்பரப்பு அலைகள் வடிவாய் உருண்டு வரும்.

கிடைப் பதிவுகளைத் தொடக்கத்தில் நம்ப வேண்டாம். மானி தானாக விழுந்து எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது, அதனால்தான் அவற்றுக்கு வடக்கு, கிழக்கு என்று பெயர் வைக்காமல் 1, 2 என்று விடுகிறார்கள். திசையைப் பிறகு நடுக்க அலைகளை வைத்தே கணிக்கிறார்கள். போதாததற்கு அடிநீரோட்டம் வேறு சரித்துக்கொண்டிருக்கும். நேரமும் அப்படித்தான். தண்ணீருக்கடியில் ஜீபிஎஸ் இல்லை, இறக்கும்போது ஒருமுறை, தூக்கியபின் ஒருமுறை மணிக்கூட்டை ஒப்பிட்டு இடையில் ஓடிய பிழையைப் பங்கிடுவார்கள், தூக்க முன்னமே பற்றரி செத்துவிட்டால் அதுவும் நடக்காது. ஆகவே ஒரு மானியை மட்டும் வைத்து செக்கன் கணக்கில் முடிவெடுக்க வேண்டாம்.

நடுக்கம் சலித்துவிட்டால் மானியோடு உள்ள நீர் ஒலிவாங்கியின் பீடீஎச் (BDH) பதிவை எடுங்கள். இதே மானிகளை வைத்துத் திமிங்கிலங்களையும் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அவற்றின் குரலைத் தேட, மே, ஜூன் மாதத் துண்டுகளில் 15 தொடக்கம் 24 ஹேர்ட்ஸ் வரை மட்டும் விட்டுப் பாருங்கள். காதால் கேட்கவேண்டுமென்றால் வேகத்தைப் பத்து மடங்காக்கி ஒலிக்கோப்பாகச் சேமியுங்கள், லப்டொப் ஸ்பீக்கர் பத்தாது, ஹெட்செட் போடுங்கள்.