டைகர் பார்ப் வளர்ப்பு: நான்கு வேண்டாம், பத்து வாங்குங்கள்

டைகர் பார்ப் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் "ரெண்டு ஜோடி கொடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. சுமத்ரா, போர்னியோ ஓடைகளில் கூட்டமாகத் திரியும் மீன் இது. கூட்டத்தில் யார் கை ஓங்கியது என்று ஓயாமல் துரத்திப் பார்ப்பது அதன் இயல்பு. பத்து மீன் இருந்தால் துரத்தலும் பத்தாகப் பிரியும். நான்கே இருந்தால் ஒன்றை மட்டும் மூலையில் தள்ளிக் கடிக்கும். இல்லாவிட்டால் பக்கத்து மீனின் வாலைப் பிய்க்கும். ஆகவே குறைந்தது 8, முடிந்தால் 10 முதல் 12.

முதலில் தொட்டி. வளர்ந்தாலும் 6–7 செ.மீ. மீன்தான், ஆனால் வேகமாக நீந்த நீளம் வேண்டும். 3 அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குல உயரம் போதும். ஏறக்குறைய 100 லிட்டர். மணிக்கு 400–500 லிட்டர் தள்ளும் ஃபில்டர் போடுங்கள். செடிகள் பின்புறமும் ஓரங்களிலும் இருக்கட்டும், நடுப்பகுதியைக் காலியாக விடுங்கள். துள்ளும் மீன் என்பதால் மூடி கட்டாயம்.

அடுத்தது தண்ணீரைப் பக்குவப்படுத்துவது. அவசரப்படுகிறவர்கள் மீனை இழப்பது இங்கேதான். குளோரின் நீக்கிய தண்ணீரை நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அது அழுகி, மீனுக்கு நஞ்சான அமோனியா உருவாகும். ஃபில்டர் ஸ்பாஞ்சில் வளரும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். 4 முதல் 6 வாரம் ஆகலாம். நோயில்லாத பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றைச் சேர்த்தால் சீக்கிரம் முடியும். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

மீன் பையை 20 நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சிறிது தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றுங்கள். கடைசியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. வெப்பம் 23–27 டிகிரி, பி.ஹெச். (தண்ணீரின் அமில-கார அளவு) 6 முதல் 7.5 வரை ஏற்றது.

ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு உணவு. வாரம் ஒருமுறை வேகவைத்துத் தோலுரித்த பட்டாணி.

கப்பி, ஃபைட்டர், ஏஞ்சல், கௌராமி மீன்கள் எதையும் இவற்றோடு சேர்த்து விடாதீர்கள். நீண்டு தொங்கும் துடுப்பையும் மீசையையும் டைகர் பார்ப் விட்டுவைப்பதில்லை. ஜீப்ரா டேனியோ, ரோஸி பார்ப் போன்ற வேகக்காரர்கள் தாக்குப்பிடிப்பார்கள்.

விளக்கை அணைத்தபின் தலை கீழாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது ஓய்வு. பகலில் மேல்மட்டத்தில் வாய் பிளந்து மூச்சு வாங்கினால் உடனே அமோனியா, நைட்ரைட் பாருங்கள். 0-க்கு மேல் இருந்தால் அன்றே கால்பங்குத் தண்ணீரை மாற்றி, ஏர் பம்பையும் ஓடவிடுங்கள். மற்றபடி வாரம் ஒரு முறை கால்பங்கு மாற்றினால் போதும்.