ஸ்பேஸ் என்ஜினியர்ஸ்: கப்பல் பிரிண்டர் பாதியில் நின்றால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பிராகு நகரத்தின் கீன் சாஃப்ட்வேர் ஹவுஸ் உருவாக்கிய ஸ்பேஸ் என்ஜினியர்ஸ் விளையாட்டில், கையில் வெல்டரைப் பிடித்துக்கொண்டு பிளாக் பிளாக்காகக் கப்பல் கட்டும் காலம் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு கப்பலைத் தானாகவே கட்டித் தரும் இயந்திரம் ஒன்றை அமைக்கும் ஆசை வருகிறது. அந்த இயந்திரத்தையே விளையாடுபவர்கள் ‘பிரிண்டர்’ என்கிறார்கள். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துத் தம்பிகள் சிலர் சேர்ந்து விளையாடும் சர்வரில் நிலவின்மீது ஒரு தளம் இருக்கிறது. அதற்குக் கானாடுகாத்தான் என்று பெயரிட்டு, அதன் பகுதிகளைச் செட்டிநாட்டு வீட்டைப்போல முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று பிரித்திருக்கிறார்கள். பிரிண்டர் நிற்பது வளவில். அங்கே அடிக்கடி எழும் சந்தேகங்களை வைத்துத்தான் இந்த விளக்கத்தை எழுதுகிறேன். 2013-இல் முன்னோட்டமாக வெளிவந்து 2019-இல் முழுமை பெற்ற முதல் விளையாட்டைப் பற்றியது இது. 2025 ஜனவரியில் முன்னோட்டமாக வந்த இரண்டாம் பாகத்தைப் பற்றியது அன்று.

பிரிண்டரின் உறுப்புகள் நான்கு. புரொஜெக்டர், நீங்கள் சேமித்து வைத்த புளூபிரிண்டை ஒளி வடிவமாகக் காட்டும். சுவர்போல அடுக்கிய வெல்டர்கள் அந்த ஒளி வடிவத்தை உண்மையான பிளாக்குகளாக மாற்றும். பிஸ்டன், வெல்டர் சுவரையோ கட்டப்படும் கப்பலையோ மெல்ல நகர்த்தும். கன்வேயர் குழாய்கள் கார்கோ பெட்டியிலிருந்து உதிரிப்பாகங்களை வெல்டருக்குக் கொண்டுவரும். இவற்றில் எது பழுதானாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: கப்பல் முழுமையாக வராது. அதனால்தான் புதியவர்கள் எல்லாக் குற்றத்தையும் வெல்டர்மேல் சுமத்திவிட்டு, மேலும் மேலும் வெல்டர்களை அடுக்குகிறார்கள்.

அப்படிச் செய்ய வேண்டாம். கட்டப்படாமல் நிற்கும் பிளாக்குகளில் முதலாவது எது என்று தேடுங்கள். ஒரு பிளாக் வராமல் போனால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய பிளாக்குகளும் வராமல் போகும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் பெரிய ஓட்டை முழுவதும் பழுது ஆகாது. அது தொடங்கும் விளிம்பில் இருக்கும் ஒரே பிளாக்தான் உங்களுக்குப் பதில் சொல்லும்.

படி 1: நிறுத்துங்கள், சேமியுங்கள்

முதலில் பிஸ்டனின் வேகத்தைச் சுழியமாக்கி, டைமர் பிளாக்குகள் இருந்தால் அவற்றையும் அணைத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பிரிண்டரில் பழுது பார்க்கவே கூடாது. பிறகு விளையாட்டைச் சேமித்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள்கள் நம் ஊர்களில் உண்டு என்பதால், தனியாக விளையாடுபவர்கள் பிரிண்டரைத் தொடங்குவதற்கு முன்பும் ஒருமுறை சேமித்துவிடுவது நல்லது.

படி 2: முதல் பிளாக்கின் நிலையைப் படியுங்கள்

அந்த முதல் பிளாக்கின் அருகில் பறந்து சென்று உற்றுப் பாருங்கள். அது இரண்டு நிலைகளில் ஒன்றில் இருக்கும். வெறும் ஒளி வடிவமாகவே இருந்தால் வெல்டர் அதைத் தொடவே இல்லை. வைக்க இடம் இல்லை, எட்டவில்லை, அல்லது அந்தப் பிளாக்கின் முதல் உதிரிப்பாகம் வெல்டரிடம் இல்லை என்று பொருள். மாறாக, எலும்புக்கூடுபோல அரைகுறைச் சட்டமாக நின்றால் வெல்டர் எட்டியிருக்கிறது, வேலையையும் தொடங்கியிருக்கிறது. இடையில் ஒரு பொருள் தீர்ந்துபோயிற்று, அல்லது பிஸ்டன் வேகமாகக் கடந்துபோயிற்று. முதல் நிலை என்றால் 3, 4 படிகளுக்கும், அங்கே விடை கிடைக்காவிட்டால் 6-ஆம் படிக்கும் செல்லுங்கள். இரண்டாம் நிலை என்றால் 5, 6 படிகளுக்குச் செல்லுங்கள்.

“அண்ணே, வெல்டர் பொறி பறக்க ஓடுது, ஆனா ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது” என்று கேட்ட ஒரு தம்பியிடம், ஒளி வடிவம் தெரிகிறதா, சட்டம் தெரிகிறதா என்றுதான் நான் முதலில் கேட்டேன். அவன் திரும்பிப் போய்ப் பார்த்துச் சொன்ன பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

படி 3: ஒளி வடிவம் சரியாக அமர்ந்திருக்கிறதா?

ஒன்றோடொன்று இணைந்து ஒரே உடலாக நிற்கும் பிளாக்குகளின் தொகுதியைக் ‘கிரிட்’ என்பார்கள். புரொஜெக்டர் தன்னுடைய கிரிட்டின் அளவிலுள்ள புளூபிரிண்டை மட்டுமே கட்டும். பெரிய கிரிட்டின் பிளாக் 2.5 மீட்டர், சிறிய கிரிட்டின் பிளாக் 0.5 மீட்டர், பெரிய தளத்தின்மேல் வைத்த புரொஜெக்டரால் சிறிய சுரங்கக் கப்பலைக் கட்ட முடியாது. அதற்குச் சுழலும் மூட்டான ரோட்டரில் சிறிய தலையைப் பொருத்தி, அதன்மேல் சிறிய கிரிட் புரொஜெக்டரை வைக்க வேண்டும்.

அடுத்தது தொடுதல். ஒளி வடிவத்தின் ஏதாவது ஒரு பிளாக்காவது, புரொஜெக்டர் இருக்கும் அதே கிரிட்டின் உண்மையான பிளாக் ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும். அந்தரத்தில் மிதக்கும் ஒளி வடிவத்தில் எந்த வெல்டராலும் தொடங்க முடியாது. இங்கே புதியவர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு: பிஸ்டனின் அடியும் தலையும் வெவ்வேறு கிரிட்டுகள். கப்பல் நகர்ந்து வெல்டர்கள் நிலையாக நிற்கும் அமைப்பில் புரொஜெக்டர் பிஸ்டனின் தலைப் பக்கம் இருக்க வேண்டும். வெல்டர் சுவர் நகரும் அமைப்பில் அது தளத்தின் பக்கம் இருக்க வேண்டும். இடம் மாறி வைத்தால் ஒளி வடிவம் அழகாகத் தெரியும், ஆனால் ஒரு பிளாக்கும் வராது.

புரொஜெக்டரின் டெர்மினலில், அதாவது பிளாக்குகளைக் கட்டுப்படுத்தும் திரையில், ‘ஷோ ஒன்லி பில்டபிள்’ என்ற தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் இந்தக் கணத்தில் கட்டக்கூடிய பிளாக்குகள் மட்டுமே தெரியும். எதுவுமே தெரியவில்லை என்றால் பழுது வெல்டரில் இல்லை, ஒளி வடிவம் அமர்ந்த இடத்தில்தான். அந்த இடத்தில் பாறையோ, வெல்டரோ, நீங்களோ நின்றாலும் பிளாக் வராது. முன், பின், மேல், கீழ் நகர்த்தும் அளவுகளை ஒவ்வொரு பிளாக்காக மாற்றிப் பாருங்கள்.

கப்பலில் பிஸ்டன், ரோட்டர், கீல் ஆகியவை இருந்தால், அவற்றின் தலைக்கு அப்பால் உள்ள பகுதிகளைப் புரொஜெக்டர் காட்டாது. முதன்மைக் கிரிட் மட்டுமே அச்சாகும். மீதியைப் பிறகு தனியாகக் கட்டிச் சேர்க்க வேண்டும். இது பழுது அல்ல.

படி 4: அடுக்கின் வரிசை

என் கருத்தில் பாதியில் நிற்கும் பிரிண்டர்களின் உண்மையான சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. பிரிண்டர் கப்பலை ஒரு திசையில், அடுக்கடுக்காகக் கட்டுகிறது. ஆத்தங்குடிக் கல் வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: கண்ணாடியின்மேல் வைத்த அச்சில் முதலில் நிறக்கலவையை ஊற்றி, அதன்மேல் உலர்ந்த கலவையைத் தூவி, அதற்கு மேல்தான் சாந்தை இடுவார்கள், வரிசை மாறினால் கல் இல்லை. பிரிண்டரிலும் ஓர் அடுக்கில் உள்ள பிளாக்குக்குப் பிடிமானம் அதே அடுக்கிலோ, ஏற்கெனவே முடிந்த அடுக்கிலோ இருந்தாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். கப்பலை மூக்கிலிருந்து வால் நோக்கி அச்சிடுகிறீர்கள். நடு உடலிலிருந்து கிளம்பும் இறக்கைகளின் நுனி மூக்குப் பக்கமாக வளைந்து முன்னால் நீண்டிருக்கிறது. வெல்டர் சுவர் அந்த நுனியைக் கடக்கும்போது, நுனியைப் பிடித்திருக்க வேண்டிய இறக்கையின் அடிப்பகுதி இன்னும் கட்டப்படவில்லை. எனவே நுனி வெறும் ஒளியாகவே விடப்படுகிறது. பிறகு அடிப்பகுதி கட்டப்படும்போது வெல்டர் சுவர் நுனியைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். தம்பிகள் இதைக் கண்டு, இறக்கைப் பக்கத்து வெல்டர் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

இதற்கு மூன்று தீர்வுகள் உண்டு. கப்பலை எதிர்த்திசையில் திருப்பி, வாலிலிருந்து அச்சிடலாம். அப்போது இறக்கையின் அடி முதலில் வரும். இரண்டாவதாக, பிஸ்டனை முழுத் தூரமும் நீட்டிவிட்டு, வெல்டர்கள் இயங்கியபடியே திரும்ப இழுக்கலாம்; திரும்பும் பயணத்தில் விடுபட்டவை பிடிமானம் பெற்று முடிந்துவிடும். கப்பல் வடிவத்தில் நீங்களே கை வைக்கத் தயார் என்றால், நுனிக்கும் உடலுக்கும் இடையே ஒரு தாங்கு பிளாக்கைச் சேர்த்துப் புளூபிரிண்டைப் புதிதாகச் சேமிக்கலாம். தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழி. அதில் எதையும் மாற்றாமலேயே, பழுது வரிசையில்தான் என்பது உறுதியாகிவிடும்: திரும்பும் பயணத்தில் நுனி முளைத்தால் காரணம் வரிசை, முளைக்காவிட்டால் வெல்டர் அங்கே எட்டவில்லை.

எட்டுதலைச் சோதிக்கவும் எளிய வழி இருக்கிறது. வெல்டரின் முகப்புக்கு முன்னால் சில கவச பிளாக்குகளைச் சட்ட நிலையில் வெவ்வேறு தூரங்களில் வைத்து, வெல்டரை இயக்குங்கள். எது வரை முழுமையாகிறதோ அதுவே உங்கள் எல்லை.

படி 5: வேகம்

பெரிய கிரிட்டின் பிஸ்டன் 10 மீட்டர் நீளும். நொடிக்கு 0.1 மீட்டர் வேகத்தில் அது முழுவதும் நீள 100 நொடிகள் ஆகும். ஓர் அடுக்கைக் கடக்க 25 நொடிகள் கிடைக்கும். 25 இரும்புத் தகடுகள் மட்டுமே கேட்கும் சாதாரணக் கவச பிளாக்குக்கு அந்த நேரம் போதும். 150 தகடுகளும் 50 உலோக வலைகளும் கேட்கும் கனமான கவச பிளாக்குக்கு அதே நேரம் போதும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கனமான கவசம் உள்ள கப்பல் என்றால் 0.05-க்கு இறக்கிவிடுங்கள். பலர் விளையாடும் சர்வர் திணறும் நேரத்தில் இன்னும் மெதுவாக ஓட்டுவதே பாதுகாப்பு.

படி 6: உதிரிப்பாகம்

அரைகுறைச் சட்டம் எந்த இடத்தில் நின்றது என்பதே எந்தப் பொருள் இல்லை என்பதைக் காட்டும். ஒவ்வொரு பிளாக்குக்கும் பொருள்கள் ஒரு வரிசையில் சேர்கின்றன. கப்பலை உந்தும் எந்திரங்களான த்ரஸ்டர்களைப் பாருங்கள்: பெரிய கிரிட்டின் சிறிய அயான் த்ரஸ்டரில் தகடு, கட்டுமான உறுப்பு, பெரிய குழாய் ஆகியவை சேர்ந்த பிறகே 80 த்ரஸ்டர் உறுப்புகள் கேட்கப்படும். அந்த உறுப்புக்குப் பிளாட்டினம் தேவை. பூமியைப் போன்ற கோளில் பிளாட்டினம் கிடைக்காது. எனவே கவசம் எல்லாம் பளபளவென்று முடிந்து, த்ரஸ்டர்கள் மட்டும் சட்டமாகவே நிற்கும் கப்பலைக் கண்டால், வெல்டரைப் பார்க்காமல், உதிரிப்பாகங்களைத் தயாரிக்கும் அசெம்ப்ளரை நேரே திறந்து பாருங்கள்.

பொருள் கார்கோவில் இருந்தும் வெல்டருக்கு வரவில்லை என்றால் கன்வேயரைச் சோதிக்க வேண்டும். டெர்மினலின் இன்வென்டரிப் பக்கத்தில் ஒருபுறம் கார்கோவையும் மறுபுறம் வெல்டரையும் தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு தகட்டை இழுத்து வெல்டரில் போட்டுப் பாருங்கள். போனால் குழாய் சரி. போகவில்லை என்றால் இடையில் எங்கோ துண்டிப்பு இருக்கிறது. பெரும்பாலும் அது சாதாரண ரோட்டராக இருக்கும். அட்வான்ஸ்டு ரோட்டரும் பிஸ்டனும் பொருளைக் கடத்தும், சாதாரண ரோட்டர் கடத்தாது. இரண்டு கிரிட்டுகளை ஒன்றாக ஒட்டவைக்கும் மெர்ஜ் பிளாக்கும் கடத்தாது. தகடு போகிறது, பெரிய குழாயும் மோட்டாரும் மட்டும் போகவில்லை என்றால் வழியில் சார்ட்டர் வடிகட்டி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய கிரிட்டில் சின்னக் குழாய்த் துளைகளின் வழியே பெரிய உறுப்புகள் நுழையா.

இன்னொன்று: வெல்டரின் வயிறு ஒரே பொருளால் நிரம்பியிருந்தால் வேறு பொருளுக்கு இடமில்லாமல் போகும். அப்படி நிற்கும் வெல்டரைக் காலி செய்துவிட்டுத் திரும்ப இயக்குங்கள்.

படி 7: மின்சாரமும் உரிமையும்

இவற்றைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். பேட்டரி ‘ரீசார்ஜ்’ நிலையில் விடப்பட்டிருந்தால் அது மின்சாரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும், கொடுக்காது. மின்வேதியியல் ஆய்வுக்கென்றே சிக்ரி இருக்கும் காரைக்குடிக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. சர்வரில் வெல்டரும் புரொஜெக்டரும் வேறு வேறு ஆள் பெயரில் இருந்தால், எல்லோரையும் ஒரே அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்வர் விதித்த பிளாக் வரம்பு தீர்ந்திருந்தாலும் அச்சு நின்றுவிடும்.

படி 8: ஆட்டம் கொடுத்தால்

பல பிஸ்டன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அவை நடுங்கத் தொடங்கி, சில நேரங்களில் தளத்தையே உடைத்துவிடும். இதை விளையாட்டு வட்டாரத்தில் ‘கிளாங்’ என்பார்கள். நடுக்கம் தெரிந்தவுடன் வேகத்தைக் குறையுங்கள். பிஸ்டன்களில் ‘ஷேர் இனர்ஷியா டென்சர்’ தேர்வை இயக்கிப் பாருங்கள். கப்பலுக்கும் வெல்டர் சுவருக்கும் இடையே உரசல் இல்லாமல் இடைவெளி விடுங்கள். தானியக்கத்துக்கு டைமர் கணக்கை மட்டும் நம்பாமல், 2023-இல் ஆட்டோமேட்டன்ஸ் புதுப்பிப்போடு வந்த ஈவென்ட் கன்ட்ரோலரைப் பயன்படுத்துங்கள். பிஸ்டன் எந்த இடத்தை எட்டியது என்பதைப் பார்த்து அது அடுத்த வேலையைத் தொடங்கும்.

படி 9: கப்பல் பிரியவில்லை என்றால்

முடிந்த கப்பலை மெர்ஜ் பிளாக்கை அணைத்துப் பிரிக்கிறோம். அணைத்தும் பிரியவில்லை என்றால் வேறு ஏதோ ஒரு பிளாக் பிரிண்டரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதை கிரைண்டரால் அறுத்துவிட்டு, அடுத்த முறைக்குப் புளூபிரிண்டைத் திருத்துங்கள். பிரிந்த கப்பல் அசையாமல் நின்றால், டெர்மினலின் தகவல் பக்கத்தில் அதைக் கப்பலாக மாற்றும் பொத்தான் இருக்கிறது. பிரிப்பதற்கு முன்பே, கப்பலின் சொந்தப் பேட்டரியில் மின்சாரமும், ஹைட்ரஜன் த்ரஸ்டர் என்றால் தொட்டியில் வாயுவும் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிலவின் ஈர்ப்பில் பிரிண்டரிலிருந்து விடுபடும் கப்பல் நேரே கீழே இறங்கும். அதனால் த்ரஸ்டர்களையும், கப்பலை நகராமல் நிறுத்திப் பிடிக்கும் டேம்பனர்களையும் இயக்கி, ஒருவர் காக்பிட்டில் அமர்ந்த பிறகுதான் மற்றவர் மெர்ஜ் பிளாக்கை அணைக்க வேண்டும்.