நாற்பது நாள் டிவிஷனும் என் நான்கு அம்புக்குறிகளும்

போன மாதம் ஒரு தம்பி தான் எழுதிய கட்டுரையை அனுப்பியிருந்தார். 1940 மே மாதம் பிரான்ஸ் அவசரமாகத் திரட்டிய நான்காவது கவச டிவிஷன் என்ற டாங்கிப் படைப்பிரிவைப் பற்றியது. படித்ததும் சிரிப்பு வந்தது. எல்லாம் நான் செய்த அதே கோளாறுகள். தேதிப் பிழை, ஊர்ப்பெயர்ப் பிழையை விடுங்கள், யாராவது கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள். மற்ற கோளாறுகள் இவை.

காகித டிவிஷனை நம்புவது

என் காசு போனது இதில்தான். அட்டவணைப்படி கவச டிவிஷன் என்றால் இரண்டு பட்டாலியன் பி1 பிஸ் கனரக டாங்கிகள், இரண்டு பட்டாலியன் இலகு டாங்கிகள், வண்டியில் வரும் காலாட்படை, பீரங்கிப்படை. நான் அதை அப்படியே நம்பி, வரைபடத்தில் மே 17 அன்று வடக்கு பிரான்சின் மோன்கோர்னே ஊரை நோக்கி நான்கு அம்புக்குறி வரைந்து, சிறு நூலாக அச்சடித்தும் விட்டேன்.

அப்படி ஒரு படை அன்று அங்கே இல்லவே இல்லை. ஜெர்மானியத் தாக்குதல் மே 10இல் தொடங்கியது. பிற்காலத்தில் பிரான்சின் அதிபரான கர்னல் டி கோலிடம் டிவிஷனை ஒப்படைத்ததே அதற்குப் பிறகுதான். வந்து சேர்ந்தவரைக்கும் போதும் என்று அவர் கிளம்பினார்: பி1 பிஸ், ஆர்35, கொஞ்சம் டி2 டாங்கிகள். டாங்கிகள் ஊரை எட்டின. ஆனால் பிடித்த இடத்தில் உட்காரக் காலாட்படை போதவில்லை. சில கனரக டாங்கிகள் சதுப்பில் சிக்கின. தலைக்கு மேல் ஜெர்மானிய ஸ்டூக்கா குண்டுவீச்சு விமானங்கள், தடுக்கச் சொந்த விமானம் இல்லை. பின்வாங்கினார்கள். 19ஆம் தேதி க்ரெஸி பக்கம் இன்னும் கொஞ்சம் படை சேர்ந்தது. மாத இறுதியில் அப்வில் சண்டையின்போதுதான் டிவிஷன் என்று சொல்லும்படி ஆனது.

அச்சடித்ததெல்லாம் இன்னும் பரணில் கிடக்கிறது. எந்தப் பட்டாலியன் எந்த நாள் வந்தது என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் அம்பு போடலாம்.

டி.சி.ஆர்., டி.எல்.எம். குழப்பம்

டி.சி.ஆர். என்றால் கவச டிவிஷன், டி.எல்.எம். என்றால் குதிரைப்படை வழி வந்த இயந்திர டிவிஷன். வேறு வேறு.

"ஜெனரல்" டி கோல்

மோன்கோர்னேயில் அவர் கர்னல்.

டி கோலோடு கதையை முடிப்பது

ஜூன் தொடக்கத்தில் பிரதமர் ரெனோ அவரை அரசாங்கத்துக்கு அழைத்துக்கொண்டார். தம்பியின் கட்டுரையும் அங்கேயே நின்றுவிட்டது. டாங்கிகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்? ஜூன் 25இல் சண்டை நிற்கும்வரை வேறு தளபதியின் கீழ் போரிட்டபடியே தெற்கே பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்று வாரத்தையும் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.