ட்ரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு ஹெல்பர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டில் பிக்கப்புக்குப் பின்னால் ட்ரெய்லர் மாட்டிப் பிழைப்பு நடத்துகிறவர்கள் பலர். கல்யாணத்துக்கு ஜெனரேட்டர் போகும், கான்கிரீட் வேலைக்குக் கலவை மெஷின் போகும். மாட்டியதும் வண்டியின் பின்பக்கம் உட்காரும், முன்பக்கம் தூக்கும். கமான் (வண்டியின் பாரத்தைத் தாங்கும் வில் பட்டைகள்) பட்டறையில் கேட்டால், "ஒரு பட்டை சேத்திப் போட்ரலாங்ண்ணா" என்பார்கள். போட்டதும் பின்பக்கம் நிமிர்ந்துவிடும். இப்படிக் கமானுக்குத் துணையாகப் போடும் பட்டை, ரப்பர், காற்றுப் பை எல்லாவற்றுக்கும் பெயர்தான் ஹெல்பர். எதைப் போட்டாலும் எடை விழுகிற இடம் மட்டும் மாறாது. ஹெல்பர் விஷயத்தில் நடக்கிற தவறுகள் பெரும்பாலும் இதை மறப்பதால்தான்.

எடை போடாமல் ஹெல்பர் வாங்குவதுதான் முதல் தவறு. நம் பக்கம் எடை மேடைக்குப் பஞ்சமே இல்லை. சரக்கு ஏற்றிய பிக்கப்பைத் தனியாக ஒருமுறை எடை போடுங்கள். பிறகு ட்ரெய்லரை மாட்டி, ட்ரெய்லர் சக்கரம் மேடைக்கு வெளியே நிற்கும்படி, பிக்கப்பின் நான்கு சக்கரங்களை மட்டும் ஏற்றி எடை போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கியில் இறங்கும் எடை. சாதாரண ட்ரெய்லருக்கு அது மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் இருப்பது நல்லது. 1,500 கிலோ ட்ரெய்லர் என்றால் 150 முதல் 225 கிலோ.

அந்த எடை பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே விழுவதில்லை, அதற்கும் பின்னால் விழுகிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர், கொக்கி பின் ஆக்ஸிலிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். கொக்கியில் 200 கிலோ இறங்கினால் பின் ஆக்ஸிலில் 280 கிலோ கூடும், முன் ஆக்ஸிலில் 80 கிலோ குறையும். முன்னால் குறைந்த அந்த 80 கிலோவை எந்த ஹெல்பரும் திருப்பித் தராது. ஸ்டியரிங் லேசாகிப்போவதும், பிரேக் பிடித்தால் முன் டயர் பிடிமானம் குறைவதும் அதனால்தான். பிக்கப்பில் இருக்கும் சரக்கைக் கேபின் ஓரமாக நகர்த்துவதும், கொக்கியை முடிந்தவரை பின் ஆக்ஸிலுக்கு நெருக்கமாக வைப்பதும்தான் இதற்கு வழி.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. பிக்கப் உட்காராமல் இருக்கட்டும் என்று ட்ரெய்லர் சரக்கை அதன் பின்பக்கம் தள்ளி ஏற்றுவது. கொக்கியில் எடை குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம் – உடுமலை சாலையில் பக்கவாட்டில் அறையும். அந்த நேரத்தில் அப்படி ஏற்றிய ட்ரெய்லரைக் கட்டுப்படுத்துவது ரொம்பச் சிரமம். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

ஹெல்பர் போட்டால் வண்டி கூடுதலாகச் சுமக்கும் என்பதும் தவறுதான். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடை மாறாது. ஆக்ஸில், பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழையவைதான். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவுப்படி அதிக பாரத்துக்கு ₹20,000 அபராதம், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு ₹2,000.

வாங்குவதற்கு முன் வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். பல பிக்கப்களில் கம்பெனியே ஹெல்பர் பட்டை வைத்திருக்கும், பாரம் ஏறினால்தான் அது வேலைக்கு வரும். ட்ரெய்லர் மாட்டியும் அது தொடவில்லை என்றால் புதிதாக எதுவும் தேவையே இல்லை. கமான் தளர்ந்தோ, பட்டை விரிசல் விட்டோ, புஷ் தேய்ந்தோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கொஞ்சம் உட்காருவது இயல்பு. பலகை மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது? தினமும் பாரத்தோடே ஓடும் வண்டிக்குக் கூடுதல் பட்டை சரி. ஆனால் காலியாக ஓடும்போது தூக்கித் தூக்கிப் போடும், மழையில் பின் சக்கரம் வழுக்கும். முகூர்த்த நாளில் மட்டும் ஜெனரேட்டர் இழுப்பவருக்கு, பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேலே சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) இருக்கும் இடத்தில் பொருத்துகிற கெட்டி ரப்பர் ஹெல்பரைத்தான் நான் சொல்வேன். காலி ஓட்டத்தில் அது தொடாமல் இருக்கும், பராமரிப்பும் இல்லை. பாரம் அடிக்கடி மாறுகிறது என்றால் ஏர் பேக், அதாவது பின்பக்கத்தைத் தாங்கும் காற்றுப் பை. அதில் இரண்டு விஷயம் முக்கியம். காலியாக ஓடினாலும் கம்பெனி சொன்ன குறைந்தபட்சக் காற்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பை மடிந்து உரசிக் கிழியும். இரண்டு பைக்கும் ஒரே குழாய் போடக் கூடாது. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, பாரம் சாய்கிற பக்கத்துப் பையிலிருந்து காற்று மறுபக்கம் ஓடி, வண்டியை இன்னும் சாய்க்கும். தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வுதான் பாதுகாப்பு. பை சைலன்சரை ஒட்டி வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் அதிகம் பேசப்படாத விஷயம் பிரேக். சில பிக்கப்களில் சேஸிஸுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே ஒரு கம்பியோடு லோட் சென்சிங் வால்வு இருக்கும். பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்பதை வைத்து அது பின் பிரேக்குக்கு அழுத்தம் தரும். ஹெல்பர் பின்பக்கத்தைத் தாழ விடாமல் பிடித்துக்கொண்டால், வண்டி காலி என்று நினைத்து வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும். பாரம் முழுதாக இருக்கும், பின் பிரேக் பாதிதான் வேலை செய்யும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் வண்டியில் இந்த வால்வு இருந்தால், ஹெல்பர் போட்ட கையோடு சர்வீஸ் சென்டரில் அதைச் சரிபார்க்காமல் பாரம் ஏற்றாதீர்கள்.

கூடுதல் பட்டை போட்டிருந்தால், முதல் பாரம் ஏற்றி ஓட்டிய பிறகு கமானை ஆக்ஸிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டை டார்க் ரெஞ்சு (சரியான அளவுக்கு முடுக்க உதவும் ஸ்பேனர்) வைத்து மறுபடியும் முடுக்கச் சொல்லுங்கள். பட்டைகள் அமர்ந்ததும் அது தளர்ந்திருக்கும். பின்பக்க உயரம் மாறியதால் ஹெட்லைட்டையும் ட்ரெய்லர் மாட்டிய நிலையிலேயே சரிசெய்துகொள்ளுங்கள்.