பேரல் ரேஸ் குதிரைக்கு டிரெஸாஜ் அடித்தளம்

பேரல் ரேஸில், அதாவது மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை ஓட்டும் பந்தயத்தில், நேரம் போவது திருப்பத்தில்தான். பேரல் சாய்ந்தால் 5 விநாடி தண்டம் வேறு. ஆனாலும் முதலில் பேரலே வேண்டாம்; குதிரையைச் சமநிலையோடு வளையப் பழக்கும் டிரெஸாஜ் பயிற்சிதான்.

20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் டிராட் (மிதமான துள்ளோட்டம்) விடுங்கள். குதிரையின் உள்பக்கக் கண்ணோரம் தெரிந்தால் போதும். கழுத்து மட்டும் மடங்கினால் வெளித்தோள் நழுவி வட்டம் அகலும். உள்வாரை (வட்டத்தின் உள்பக்கக் கடிவாள வாரை) இழுக்காமல், வெளிவாரைப் பிடித்து உள்காலால் அழுத்துங்கள். தோள் உள்ளே சாய்கிறதா? பேரலை இடிப்பது அந்தத் தோள்தான். அதைச் சரிசெய்ய, சுவரோரமாகப் பத்துப் பன்னிரண்டு காலடி ஷோல்டர்-இன் (முன்தோள்களைச் சுவரிலிருந்து சற்று உள்ளே கொண்டுவந்து நடத்துவது), பிறகு நேராக. அதற்கு மேல் நீட்டினால் குதிரை சலித்துவிடும்.

அடுத்து 10 மீட்டர் வட்டம், கேன்டரிலிருந்து (டிராட்டைவிட வேகமான ஓட்டம்) டிராட், மறுபடி கேன்டர். வாரை இழுக்காமல், நீங்கள் சேணத்தில் ஆழ உட்கார்ந்ததுமே வேகம் குறைய வேண்டும்.

வலப்பக்கம் தொடங்கினால் ஒரு வலத் திருப்பம், இரண்டு இடத் திருப்பம். முதல் இரண்டு பேரல்களுக்கு இடையே 90 அடிதான். அதற்குள் முன்னங்கால், பின்னங்கால் இரண்டிலும் லீட் (கேன்டரில் எந்தப் பக்கக் கால் முன்னே போகிறது என்பது) மாறாவிட்டால் திருப்பத்தில் தடுமாறும்.