யோகட் உறையவில்லையா? பழி முழுவதும் குளிருக்குப் போக வேண்டாம்

நுவரெலியா, ஹட்டன் பக்கம் மாடு வளர்ப்பவர்களில் சிலர், பாலாகவே விற்காமல் யோகட் போட்டுக் கடைக்குக் கொடுக்கலாமே என்று இறங்குகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வீட்டில் ஒரு சட்டி தயிருக்குப் போதுமான கைப்பழக்கம் நூறு லீட்டருக்குப் போதாது.

யோகட்டை உறைய வைப்பவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ், லாக்டோபசில்லஸ் பல்காரிகஸ் என்ற இரண்டு பாக்டீரியாக்கள். அவற்றுக்கு 42, 43 பாகை செல்சியஸ் சூடு நான்கைந்து மணி நேரம் விடாமல் வேண்டும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ 16 பாகை அளவுதான். கப்புகளைச் சாக்கால் மூடி வைத்தால் நடுவில் இருப்பது உறையும், ஓரத்தில் இருப்பது தண்ணியாக நிற்கும். விரலை விட்டுப் பார்த்து உறை ஊற்றுவதையும் விட்டுவிடுங்கள். ஒரு வெப்பமானி வாங்குங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு இப்படிச் சூடாக வைப்பது புதிதாகத் தோன்றும். அங்கே நொதிக்கும் அறை குளிர்ச்சியாக இருப்பதுதான் நல்லது, ஏனென்றால் அது இலையில் உள்ள நொதிகளின் வேலை, பாக்டீரியாவுடையது அல்ல.

சூடு சரியாக இருந்தும் உறையவில்லையா? மாட்டுக்குப் போட்ட ஊசியை யோசியுங்கள். மடிவீக்கத்துக்குப் பென்சிலின் போட்ட மாட்டின் பாலில் மருந்து சில நாட்களுக்கு இருக்கும். காய்ச்சினாலும் போகாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு அது கொஞ்சம் இருந்தாலே ஆகாது. ஒரு மாட்டுப் பால் கலந்து முழு அண்டாவும் வீணாகலாம். மிருக வைத்தியர் சொன்ன நாள் முடியும் வரை அந்தப் பாலைச் சேர்க்கவே கூடாது. அயலாரிடம் பால் வாங்கினால், ஒரு கப்பில் உறை ஊற்றிப் பார்த்துவிட்டு மிச்சத்தில் கை வையுங்கள். அதுவரை பால் பிரிஜ்ஜில் இருக்கட்டும்.

பால் பொங்கியதும் இறக்குவதும் தவறு. 85 பாகையில் அரை மணி நேரம் வைத்தால்தான் யோகட் கட்டியாக வரும்.

நேற்றைய யோகட்டையே இன்றைக்கு உறையாக ஊற்றி மாதக்கணக்கில் ஓட்டுவதும் உண்டு. போகப் போக இரண்டு பாக்டீரியாக்களின் அளவு மாறும், காட்டு ஈஸ்ட் சேரும், பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸும் வரலாம். புளிப்பு ஒரு நாளைக்கு ஒரு மாதிரி ஆகும். இடைக்கிடை புதிய உறை வாங்குவது செலவுதான், ஆனாலும் வாங்குங்கள்.

அப்புறம், "வெளியே இவ்வளவு குளிர், பிரிஜ் எதற்கு?" என்ற கேள்வி. நம் இரவுக் குளிர் போதாது. உறைந்ததும் 4 பாகைக்கு இறக்காவிட்டால் உள்ளே புளிப்பு ஏறிக்கொண்டே இருக்கும். ஐஸ் இல்லாத பெட்டியில் கண்டிக்குப் பஸ்ஸில் அனுப்பினால், போய்ச் சேரும்போது மேலே தண்ணீர் நிற்கும். கடைக்காரர் அதை எடுக்க மாட்டார்.