பாட்டில் மேல் இருக்கும் எண்ணும் பழைய ரம்மும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் நண்பர் வீட்டில் ஒரு தம்பி ரம் பாட்டிலைத் திறந்துகொண்டே, "அண்ணே, இது பீப்பாயில இருபத்தஞ்சு வருஷம் ஊறினது" என்றான். சரக்குக் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் இதே வார்த்தையை, இதே பெருமையோடு நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கோலா கலப்பது, ஒரே மடக்கில் கவிழ்ப்பது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. இதைப் படிக்கிறவர்கள் அதைத் தாண்டி வந்திருப்பீர்கள்.

எண்ணைப் பார்த்து வாங்குவது

பணத்தைத் தின்கிற தவறு இதுதான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒரு விமான நிலையக் கடையில் தங்க எழுத்தில் '25' என்று போட்ட பாட்டிலுக்குப் பாதி மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். கப்பல் பார்படோஸ் போய்ச் சேர்ந்ததும் பிரிட்ஜ்டவுனில் ஒரு சின்ன ரம் கடைப் பெரியவரிடம் காட்டினேன். அவர் எதுவும் சொல்லாமல் தன் பாட்டிலிலிருந்து நாலு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் கை காய்ந்துவிட்டது. மரவாசனை மட்டும் நின்றது. அடுத்து என் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு. தேய்க்கத் தேய்க்க விரல்கள் ஒட்டிக்கொண்டன. பாகு தொட்ட கை மாதிரி.

வாலையில் வடித்தெடுக்கும்போது சர்க்கரை மேலேறி வராது. பீப்பாயும் அப்படிப் பிசுபிசுக்கிற அளவுக்கு இனிப்பைக் கொடுக்காது. ஆக, அது பிறகு சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டுச் சட்டமே லிட்டருக்கு 20 கிராம் வரை இனிப்பு சேர்க்க இடம் கொடுக்கிறது. பின்லாந்தின் அரசு மதுக்கடையான ஆல்கோ, ஒவ்வொரு பாட்டிலிலும் எவ்வளவு சர்க்கரை என்று இணையதளத்தில் போட்டுவிடுகிறது. வாங்குமுன் நான் அங்கே ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

சரி, அந்த 25? கணக்குப் போட்டுப் பாருங்கள். வெயில் ஊரில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு ஆறு சதவீதம் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு வருடத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். இருபத்தைந்து வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஸ்காட்லாந்துக் குளிரில் போவது வருடத்துக்கு இரண்டு சதவீதம்தான். இப்படிக் கரைந்துபோகிற சரக்கு நடுத்தர விலைக்குக் கிடைக்காது. பல பாட்டில்களில் அந்த எண், சொலேரா முறையில் பழையதோடு புதியதை ஊற்றி ஊற்றிக் கலந்ததில் மிகப் பழைய துளியின் வயதைக் காட்டும். சிலவற்றில் அது வெறும் பெயர்.

ஜமைக்காவின் ஆப்பிள்டன் பாட்டிலில் 12 என்று இருந்தால், கலந்ததிலேயே இளசான ரம்முக்குப் பன்னிரண்டு வயது என்று அர்த்தம். லேபிளில் 'வருடம்' என்ற சொல் இருக்கிறதா, 'குறைந்தபட்சம்' என்று இருக்கிறதா, எந்த நாட்டில் ஊறியது என்று இருக்கிறதா, இவற்றைத் தேடுங்கள். வெறும் எண் மட்டும் இருந்தால் பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

நிறம்

கறுப்பாக இருந்தால் பழசு என்று நினைக்காதீர்கள். கேரமல் சேர்த்தால் எதுவும் கறுக்கும்.

மூக்கை உள்ளே விடுவது

ஒயினைச் சுழற்றுவதுபோல் சுழற்றி, மூக்கை கிளாஸுக்குள் விட்டு இழுத்தால் ஆல்கஹால் நெடிதான் ஏறும். அப்புறம் பத்து நிமிடத்துக்கு வேறு எந்த வாசனையும் தெரியாது. வாய் குறுகிய கிளாஸில் இருபது மில்லி ஊற்றிச் சும்மா பத்து நிமிடம் விடுங்கள். பிறகு கிளாஸை மோவாய்க்கு நேராகப் பிடித்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு மெல்ல முகருங்கள். முதல் மிடறு நாக்கைப் பழக்க மட்டும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டாவதில்தான் பீப்பாயின் ஓக் மரத் துவர்ப்பும் அதன் பின்னால் வருகிற காய்ந்த பழ ருசியும் பிரிந்து தெரியும். அறுபது சதவீத ஆல்கஹால் உள்ள சரக்கென்றால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு முறையும் முகர்ந்து பாருங்கள்.

ஐஸ்

முதல் கிளாஸுக்கு வேண்டாம்.

ஒரு தீவை வைத்து எல்லாத் தீவையும் எடைபோடுவது

ஜமைக்காவின் ஹாம்ப்டன் ரம்மை முதன்முதலில் முகர்ந்தவர்கள் "கெட்டுப்போயிருக்கு" என்று தள்ளிவைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அளவுக்கு மீறிக் கனிந்த வாழைப்பழம், அன்னாசி, கூடவே நகப்பூச்சு வாடை. அது கெட்ட வாடை இல்லை. பழைய வடிப்பின் கசடைச் சேர்த்து நாள்கணக்கில் புளிக்கவிடுவதால் வருகிற எஸ்டர்கள், அதாவது பழ வாசனை தருகிற வேதிப்பொருள்கள். ஓக்கில் வருடக்கணக்கில் இருந்தபின் அதே வாடை எவ்வளவு அழகாக அடங்குகிறது என்று பாருங்கள்.

பிரெஞ்சுத் தீவான மார்ட்டினிக்கில் கதையே வேறு. அங்கே சர்க்கரை எடுத்தபின் மிஞ்சுகிற பாகான மொலாசஸை விட்டுவிட்டுப் பச்சைக் கரும்புச் சாற்றையே புளிக்கவைக்கிறார்கள். அதனால் பல வருடம் ஊறிய ரம்மிலும் அடியில் ஒரு புல் வாசனை நிற்கும். 1853-க்குப் பிறகு காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பலேறிய நம் ஆட்கள் வெட்டிய கரும்புத் தோட்டங்கள் அந்தத் தீவில்தான் இருக்கின்றன. அந்தப் புல் வாசனை வரும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

பாட்டிலைப் படுக்க வைப்பது

நிமிர்த்தி வையுங்கள். ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும்.

கிளாஸை உடனே கழுவுவது

இரவு அப்படியே விட்டுவிட்டுக் காலையில் முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் போனபின் மரமும் வனிலாவும் மிஞ்சியிருக்கும். அந்தத் தம்பியிடம் அவனுடைய ரம்மை ஒரு கிளாஸிலும், நான் கொண்டுபோயிருந்த பார்படோஸ் ரம்மை இன்னொன்றிலும் ஊற்றிக் கொடுத்து, கழுவாமல் வைக்கச் சொன்னேன். காலை ஏழு மணிக்கே போன் வந்தது. "அண்ணே, என்னோட கிளாஸ்ல எறும்பு."